குரூஸ் கப்பலில் இரவுச் சாப்பாடு: எந்த மேசைக்குக் காசு கட்டலாம்?

சிங்கப்பூரிலிருந்தோ பார்சலோனாவிலிருந்தோ புறப்படும் ஒரு குரூஸ் கப்பலுக்கு டிக்கெட் போட்ட கையோடு கம்பனியிடமிருந்து மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும். அவற்றில் பாதி சாப்பாட்டைப் பற்றியவை. ஸ்டேக் ஹவுஸ், இத்தாலிய உணவகம், ஜப்பானிய மேசை, தலைமைச் சமையல்காரரே வந்து விளக்கம் சொல்லும் 'செஃப்ஸ் டேபிள்', இவற்றில் பலதையும் கட்டிக் கொடுக்கும் 'டைனிங் பக்கேஜ்'. இப்போதே பதிந்தால் விலையில் கழிவு என்று ஒரு அவசரமும் கூடவே இருக்கும். லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் பிள்ளை மட்டக்களப்பிலிருந்து அம்மா அப்பாவைக் கூப்பிட்டுப் போகும்போது இந்தக் கேள்வி வராமல் இருக்காது. டிக்கெட்டுக்குள் சாப்பாடு இருக்கிறதே, மேலும் எதற்குக் காசு என்பார் அப்பா. இவ்வளவு தூரம் போய் பஃபேயில் தட்டுத் தூக்கிக்கொண்டு நிற்பதா என்பாள் மகள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழு இரவுப் பயணம் என்றால் ஆறு இரவு டிக்கெட்டுக்குள் வரும் பெரிய சாப்பாட்டு மண்டபத்தில், நேரம் குறித்த மேசையில் சாப்பிடுங்கள். ஒரு இரவுக்கு மட்டும் காசு கட்டுங்கள். பக்கேஜ் எங்கள் ஆட்களில் பெரும்பாலானோருக்கு வீண். பஃபே காலைக்கும் மதியத்துக்கும் போதும்.

பெரிய மண்டபம் பற்றி ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. டிக்கெட்டோடு சேர்த்துத் தருவதால் அது ஏதோ கன்டீன் என்று நினைக்கிறார்கள். போய் உட்கார்ந்து பார்த்தால் வெள்ளை விரிப்பு, வரிசையாகக் கத்தி கரண்டி, மடியில் நாப்கினை விரித்துவிடும் பரிமாறுநர், முன்னுணவு, பிரதான உணவு, இனிப்பு என்று மூன்று கட்டம், தினமும் மாறும் பட்டியல். பாசிக்குடாவில் ஒரு நல்ல ஹோட்டலில் இப்படி ஒரு இரவு சாப்பிட்டால் சாப்பாட்டு விலைக்கு மேல் 10 வீத சேவைக் கட்டணமும், 2024 முதல் 18 வீதமாக இருக்கும் வற் வரியும் சேர்ந்து பில் வரும். கப்பலில் அது ஏற்கெனவே நீங்கள் கட்டிய காசு. கட்டியதைச் சாப்பிடாமல் இன்னொன்றுக்குக் கட்டுகிறோம் என்பதைத் தனிக்கட்டண உணவகத்தின் விலையைப் பார்க்கும்போது மறந்துவிடக் கூடாது.

மண்டபத்தில் உட்காருவதற்கு இரண்டு விதமான ஏற்பாடு உண்டு. ஒன்று நேரம் குறித்த மேசை. எங்கள் கலியாண வீட்டுப் பந்தி மாதிரி, மாலை ஐந்தரை ஆறு மணிக்கு முதல் பந்தி, எட்டு எட்டரைக்கு இரண்டாம் பந்தி. பயணம் முடியும்வரை அதே மேசை, அதே பரிமாறுநர். மற்றது விரும்பிய நேரத்தில் போய், கிடைக்கும் மேசையில் உட்காருவது. நோர்வீஜியன் குரூஸ் லைன் 2000ஆம் ஆண்டளவில் 'ஃப்ரீஸ்டைல்' என்ற பெயரில் குறித்த மேசை, குறித்த உடுப்பு இரண்டையும் எடுத்துவிட்டது. பிறகு மற்றக் கம்பனிகளும் ஏதோ ஒரு வடிவில் அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தன.

சுதந்திரம் என்றால் நல்லதுதானே என்று தோன்றும். எங்கள் சாப்பாட்டுப் பழக்கத்துக்கு நேரம் குறித்த மேசைதான் பொருத்தம் என்பது என் கட்சி. மாடு சாப்பிடாதவர்கள், வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் உண்பவர்கள், ஐப்பசியில் பயணம் போட்டுவிட்டுக் கந்தசஷ்டி விரதத்தோடு வருபவர்கள், ஹலால் பார்ப்பவர்கள் என்று ஒரே குடும்பத்துக்குள்ளேயே, ஒரே நண்பர் கூட்டத்துக்குள்ளேயே பல கணக்கு இருக்கும். முதல் இரவில் பரிமாறுநரிடம் இதை ஒருமுறை தெளிவாகச் சொன்னால் போதும். இரண்டாம் இரவில் அவரே, "இந்த சூப்பில் மாட்டெலும்புச் சாறு இருக்கிறது, உங்களுக்கு வேறு தரட்டுமா?" என்பார். மூன்றாம் இரவில் மிளகாய்த்தூளோ சம்பலோ கேட்காமலே மேசைக்கு வரும். தினம் ஒரு மேசை என்றால் தினமும் ஒரே கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டும்.

இந்தியச் சாப்பாடும் கேட்டால் கிடைக்கும். பெரிய கப்பல்களின் சமையலறைகளில் இந்தியச் சமையல்காரர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். தலைமைப் பரிமாறுநரிடம் முதல் நாளே சொல்லிவைத்தால் அடுத்த இரவு பருப்பு, சோறு, ஒரு மரக்கறிக் கறி என்று தனியாகச் செய்து தருவார்கள். பல பட்டியல்களில் தினமும் ஒரு இந்திய மரக்கறி உணவு இருக்கவே செய்யும். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. வாழைச்சேனை மீன்குழம்பை எதிர்பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஹலால் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டிய விஷயம். காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் மேற்கத்தியக் கம்பனிகளின் கப்பலில் ஏறினால் பயணத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே எழுத்தில் கேட்டுவைக்க வேண்டும். அப்போதும் முழுச் சமையலறையும் ஹலால் ஆகிவிடாது. சோஸில் வைன் ஊற்றுவது அங்கே சாதாரணம், ஆகவே மீன் என்று சொல்லி நிம்மதியாக இருந்துவிட முடியாது. சிங்கப்பூரிலிருந்து ஓடும் ரிசோர்ட்ஸ் வேர்ல்ட் குரூஸின் 'கென்டிங் ட்ரீம்' கப்பலில் ஹலால் உணவுக்கும், மரக்கறி, ஜைன உணவுக்கும் தனி ஏற்பாடு உண்டு. ஸ்டேக் ஹவுஸ் எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பதைவிட இப்படிக் கப்பலைத் தெரிவு செய்வது இந்தக் குடும்பங்களுக்குப் பெரிய வித்தியாசம்.

சரி, காசு கட்டும் உணவகங்களுக்கு வருவோம். இது புதுப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். 1905இல் ஹம்பேர்க் அமெரிக்கா லைனின் 'அமெரிக்கா' கப்பலில் ரிட்ஸ் என்ற புகழ்பெற்ற ஹோட்டல் பெயரில் ஒரு உணவகம் திறந்து தனியாகக் காசு வாங்கினார்கள். 1912இல் டைட்டானிக்கிலும் முதல் வகுப்புப் பயணிகளுக்கு லூயிஜி கட்டி (Luigi Gatti) என்பவர் நடத்திய ஒரு தனி உணவகம் இருந்தது. அங்கேயே எல்லா வேளையும் சாப்பிடுவதாகச் சொல்பவர்களுக்கு டிக்கெட்டில் ஒரு தொகையைக் கழித்துக் கொடுத்தார்கள். அந்த நேர்மையை இன்றைய கம்பனிகளிடம் காண முடியாது. நீங்கள் மண்டபத்துப் பக்கம் போகாவிட்டாலும் ஒரு சதம் திரும்பி வராது.

இன்று பெரிய அமெரிக்கக் கம்பனிகளின் கப்பல்களில் ஒரு ஸ்டேக் ஹவுஸ் இரவுக்கு ஆளுக்கு 40 முதல் 70 டொலர் வரை போகும். செஃப்ஸ் டேபிள் 100ஐத் தாண்டும். ரொயல் கரீபியனில் அதற்கு மேல் 18 வீதம் சேவைக் கட்டணம் தானாகச் சேரும், நோர்வீஜியனில் 20 வீதம். இருவர், ஆளுக்கு 60 டொலர் என்று வைத்தால் 120. 18 வீதம் சேர்த்தால் 141 டொலர் 60 சதம். ஒரு டொலரை 300 ரூபாவாகப் பிடித்தால் 42,480 ரூபா. குடிக்கும் பொருள் இதில் இல்லை. வைனோ பியரோ எடுத்தால் அதற்கும் விலை, அதற்கும் மேலே அதே வீதம்.

இந்தக் காசு எப்போது தகும்? நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான்: எங்கள் ஊரில் கிடைக்காத சாப்பாடா? மட்டக்களப்பு வாவி இறாலும் கல்லாற்று நண்டும் தின்று வளர்ந்த ஒருவர் கப்பலில் கடலுணவு உணவகத்துக்கு 60 டொலர் கட்டுவது எனக்கு விளங்கவே இல்லை. ஆயிரக்கணக்கானோருக்குச் சமைக்கும் கப்பலில் இறாலும் லொப்ஸ்டரும் பெரும்பாலும் உறைய வைத்து ஏற்றியவை. பட்டரில் தோய்த்து அழகாக வைப்பார்கள், நார்நாராக இருக்கும். மாறாக மாட்டிறைச்சி சாப்பிடுபவர் என்றால் ஸ்டேக் ஹவுஸுக்குத் தாராளமாகப் போகலாம். பல நாள் பதப்படுத்திய இறைச்சியை, கேட்ட பதத்தில் சுட்டு வைப்பதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள், மண்டபத்தில் வரும் துண்டுக்கும் அதற்கும் ஒப்பே இல்லை. மாடு தொடாதவர்களுக்கு இத்தாலிய உணவகம் நல்லது. கண் முன்னே பிசையும் பாஸ்தா, மரக்கறியில் தாராளம், பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். ஜப்பானிய தெப்பன்யாக்கி மேசை, அதாவது சூடான இரும்புத் தட்டில் கண் முன்னே சமைப்பது, சாப்பாட்டைவிட வேடிக்கைக்கு. சமையல்காரர் முட்டையை எறிந்து பிடிப்பார், பிள்ளைகள் கைதட்டுவார்கள். இரண்டாம் முறை போக யாருக்கும் தோன்றாது.

ஒரு இரவு என்று முடிவெடுத்தால் எந்த இரவு என்பதிலும் கணக்கு இருக்கிறது. முதல் இரவில் பலர் களைத்துப்போய் பஃபேயோடு படுத்துவிடுவதால் தனிக்கட்டண உணவகங்கள் காலியாக இருக்கும், பல கப்பல்களில் அன்று கழிவும் கொடுப்பார்கள். துறைமுகத்துக்குப் போகாமல் கடலிலேயே ஓடும் நாளில் சில ஸ்டேக் ஹவுஸ்கள் மதியமும் திறக்கும். இரவு விலையின் பாதிக்கு அண்மையில் அதே இறைச்சியைச் சாப்பிடலாம். பயணத்துக்கு முன் இணையத்தில் பதியும் விலை பெரும்பாலும் கப்பலில் கேட்கும் விலையைவிடக் குறைவு. பதிந்துவிட்டுப் போகாமல் விட்டால் மட்டும் காசு போகும். போக மனமில்லை என்றால் ஒருநாள் இருநாள் முன்பே ரத்து செய்துவிட வேண்டும்.

பக்கேஜை நான் ஏன் வேண்டாம் என்கிறேன்? ஏழு இரவுக்கும் தனிக்கட்டண உணவகம் என்று எடுத்தால் ஆளுக்கு ஒரு இரவின் விலை நன்றாகக் குறைவது உண்மை. ஆனால் அந்த ஏழில் எத்தனை இரவை நிஜமாகப் பயன்படுத்துவீர்கள்? முதல் நாள் பயணப்பெட்டி கைக்கு வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். துறைமுக நாட்களில் வெயிலில் அலைந்துவிட்டு ஏழு மணிக்குத் திரும்பினால் இரண்டரை மணி நேரம் சாப்பிட யாருக்கும் உடம்பு இருக்காது. விசேஷ உடுப்பு இரவுகளில் மண்டபத்தில் இருப்பதுதான் அழகு, நல்ல பட்டியலும் அன்றுதான். மிச்சம் மூன்று, நான்கு. அதற்குள் செஃப்ஸ் டேபிள் போன்றவை பக்கேஜில் அடங்காது என்று சிறிய எழுத்தில் இருக்கும். அம்மா அப்பாவுக்கோ மூன்றாம் நாளே பருப்பும் சோறும் தேடும். சலுகையோடு 'இலவசமாக' வரும் பக்கேஜ் என்றாலும் அதன் பெறுமதிக்குச் சேவைக் கட்டணம் அறவிடும் கம்பனிகள் உண்டு, அதையும் பாருங்கள். இளம் சோடி, நன்றாகச் சாப்பிடுபவர்கள், கடலிலேயே ஓடும் நாட்கள் அதிகமுள்ள நீண்ட பயணம் என்றால் கணக்கு மாறலாம். அவர்களுக்கும் மூன்று இரவுப் பக்கேஜே போதும்.

இன்னொரு வழி, எல்லாம் உள்ளடங்கிய விலையுயர்ந்த கம்பனிகள். ஓஷியானியா, ரீஜன்ட், சில்வர்சீ, வைக்கிங் போன்றவற்றில் சிறப்பு உணவகங்களில் பெரும்பாலானவற்றுக்கும் தனிக் காசு இல்லை. வைக்கிங் கடற்கப்பல்களில் 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றமாட்டார்கள், மதியமும் இரவும் சாப்பாட்டோடு வைனும் பியரும் சேர்ந்தே வரும். ஓய்வு பெற்ற தம்பதிக்கு இது அமைதியான பயணம். ஆனால் டிக்கெட் சாதாரணக் கப்பலைவிடப் பல மடங்காக இருக்கும். அந்த வித்தியாசத்தில் சாதாரணக் கப்பலில் தினமும் ஸ்டேக் ஹவுஸில் சாப்பிட்டாலும் காசு மிஞ்சும். சாப்பாட்டுக்காக மட்டும் அங்கே போவது எனக்குச் சரியாகப் படவில்லை. கூட்டமில்லாத கப்பல் வேண்டும் என்றால் அது வேறு கதை.

செலவுப் பக்கத்தில் எங்கள் ஆட்களைத் திகைக்க வைப்பது உண்மையில் உணவகக் கட்டணம் அல்ல, நாளாந்த டிப்ஸ். ரொயல் கரீபியன் மாதிரிக் கம்பனியில் ஆளுக்கு நாளுக்கு 18 டொலருக்குச் சற்று மேல். 18 என்றே வைத்தாலும் இருவருக்கு ஏழு நாளில் 252 டொலர், ஏறக்குறைய 75,600 ரூபா. பிள்ளைகளுக்கும் உண்டு. மண்டபத்தில் பரிமாறுபவருக்கும் அறையைத் துப்புரவாக்குபவருக்கும் இதிலிருந்துதான் போகிறது. வரவேற்பு மேசையில் போய் எடுத்துவிடச் சொன்னால் பல கம்பனிகளில் எடுத்துவிடுவார்கள். இந்த வழியை இணையத்தில் யாராவது சொல்லித் தருவார்கள், கேட்காதீர்கள். எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் கட்டாரிலும் டுபாயிலும் ஹோட்டல்களில் இதே வேலையைச் செய்கிறார்கள்! இதைக் கட்ட முடியாவிட்டால் ஒரு இரவு ஸ்டேக் ஹவுஸை விட்டுவிடலாம்.

சில்லறைச் செலவுகளும் இருக்கின்றன. சாதாரண தண்ணீர், தேநீர், வெறும் கோப்பி மண்டபத்தில் இலவசம். போத்தல் தண்ணீருக்கும் கப்புச்சினோவுக்கும் பல கப்பல்களில் பில் வரும். முன்பு எத்தனை பிரதான உணவு கேட்டாலும் தருவார்கள், இப்போது கார்னிவல் கம்பனியில் மூன்றாவதற்கு 5 டொலர். ரொயல் கரீபியனில் லொப்ஸ்டர் இரவில் ஒரு வால் டிக்கெட்டுக்குள், அடுத்ததற்கு 17 டொலர் அளவில். மதுப் பக்கேஜ் எடுப்பதாக இருந்தால் ஒரே அறையில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் எடுக்க வேண்டும் என்ற விதி பல கம்பனிகளில் உண்டு. குடிக்காத மனைவிக்கும் சேர்த்துக் கட்டிய பிறகு ஏழு நாளும் முறைப்பை வாங்குவது யார்?

இனிப் பழக்கவழக்கம். உடுப்பிலிருந்து தொடங்கலாம். ஏழு இரவுப் பயணத்தில் பொதுவாக இரண்டு இரவு விசேஷ உடுப்பு. குனார்ட் என்ற பிரிட்டிஷ் கம்பனி இதில் மிகவும் கண்டிப்பு, அங்கே 'காலா' எனப்படும் விசேஷ இரவில் கறுப்புக் கோட், போ டை, அல்லது டையுடன் கடும்நிறக் கோட். ஆனால் அவரவர் நாட்டின் விசேஷ உடையும் ஏற்புடையது. பெண்களுக்கு இதனால் கவலையே இல்லை. சேலை கட்டினால் அந்த மண்டபத்தில் உங்களைவிட நன்றாக உடுத்தவர் இருக்கமாட்டார். கனமான காஞ்சிபுரத்தைவிட மருதமுனைக் கைத்தறிச் சேலை கப்பல் படிக்கட்டிலும் மேல்தளக் காற்றிலும் சமாளிக்க இலகு. ஆண்கள் பட்டு வேட்டியும் முழுக்கைச் சட்டையும் கட்டலாம் என்றாலும் முன்கூட்டியே ஒரு மின்னஞ்சலில் கேட்டுவைப்பது நல்லது, வாசலில் நிற்கும் ஊழியர் எல்லோருக்கும் வேட்டி தெரியாது. மற்றக் கப்பல்களில் பெரும்பாலும் கோட் கட்டாயம் இல்லை, நீளக் காற்சட்டையும் கொலர் வைத்த சட்டையும் மூடிய சப்பாத்தும் போதும். அரைக்காற்சட்டை, கையில்லாத பெனியன், பாத்ரூம் செருப்பு மூன்றையும் பல கப்பல்களில் மண்டபத்திலும் தனிக்கட்டண உணவகத்திலும் விடமாட்டார்கள். கோட்டுக்காகத் தனிப் பெட்டி கட்டி உதயதேவி ரயிலில் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை.

கத்தி கரண்டி வரிசையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். வெளியே இருப்பதிலிருந்து உள்ளே எடுத்துக்கொண்டு வந்தால் சரி. இடப்பக்கச் சிறுதட்டுப் பாண் உங்களுடையது, வலப்பக்கக் கிளாஸ் உங்களுடையது. சாப்பிட்டு முடித்தால் கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும், விரித்து வைத்தால் இன்னும் சாப்பிடுகிறார் என்று விட்டுவிடுவார்கள். பாணைக் கையால் பிய்த்துத்தான் சாப்பிடுவது. நாண் (naan), ரொட்டி வந்தால் அதையும் கையால் சாப்பிடலாம். சோறும் கறியும் கேட்டு வாங்கிக் கையால் சாப்பிட்டால் யாரும் வெளியே போகச் சொல்லமாட்டார்கள், ஆனாலும் வேற்று ஆட்களோடு பகிரும் மேசையில் கரண்டி எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். தனிமேசை என்றால் உங்கள் விருப்பம். லொப்ஸ்டரின் ஓட்டை எடுத்துத்தரச் சொன்னால் பரிமாறுநரே எடுத்துத் தருவார்.

எங்கள் ஆட்கள் உண்மையில் தடுமாறும் இடம் வேறு. எங்கள் வீடுகளில் முதல்முறை "வேண்டாம், போதும்" என்பது மரியாதை, வீட்டுக்காரர் வற்புறுத்தித் திரும்ப வைப்பார் என்று தெரியும். அங்கே "வேண்டாம்" என்றால் தட்டு போய்விடும், திரும்பி வராது. பசியோடு எழுந்து வந்து அறையில் பிஸ்கட் தின்றவர்கள் இருக்கிறார்கள். வேண்டியதை வாய்விட்டுக் கேளுங்கள். இரண்டு முன்னுணவு கேட்பதும், பிடிக்காததை மாற்றித் தரச் சொல்வதும் அங்கே குறைச்சல் இல்லை. தலையை ஆட்டிப் பதில் சொல்வதையும் விட்டுவிடுங்கள், பிலிப்பைன்ஸிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்த பரிமாறுநருக்கு அது ஆமா இல்லையா என்று விளங்காது.

நேரம் குறித்த மேசைக்குப் பிந்திப் போவது பெரிய மரியாதைக் குறைவு. உங்கள் மேசையில் வேறு குடும்பமும் இருந்தால் நீங்கள் வரும்வரை அவர்களும் காத்திருப்பார்கள், இரண்டாம் பந்திக்கு மேசை தயார் செய்ய வேண்டியவர் நெருப்பில் நிற்பார். சத்தமாக ஃபோனில் வீடியோ அழைப்பு எடுத்து ஆரையம்பதியில் இருக்கும் அக்காவுக்கு மண்டபத்தைச் சுற்றிக் காட்டுவதையும் சாப்பாட்டுக்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளலாம்.

பரிமாறுநர் உங்களுக்காக மெனக்கெட்டிருந்தால் கடைசி இரவில் ஒரு சிறு உறையில் 10, 20 டொலர் வைத்துக் கொடுப்பது வழக்கம், கட்டாயம் அல்ல. பயண முடிவில் வரும் மதிப்பீட்டுப் படிவத்தில் அவர் பெயரை எழுதுவது அவருக்கு அதைவிட உதவும், அடுத்த ஒப்பந்தத்தில் அது பார்க்கப்படும்.

கப்பலுக்குள் சாப்பாட்டுக்கும் குடிபானத்துக்கும் கைக்காசு வாங்கமாட்டார்கள். எல்லாம் அறை அட்டையில் ஏறி, நீங்கள் பதிந்த வங்கி அட்டையில் கழியும். டெபிட் அட்டை கொடுத்தால் ஒரு தொகையை முன்கூட்டியே பிடித்துவைப்பார்கள், அது விடுபடச் சில நாள் எடுக்கும். இங்குள்ள வங்கி நாணய மாற்றுக்கும் தன் பங்கைச் சேர்க்கும். ஆகவே கணக்கை இரண்டு நாளுக்கு ஒருமுறை கப்பலின் ஆப்பிலோ அறைத் தொலைக்காட்சியிலோ பார்த்து, குடிக்காத வைனோ போகாத உணவகமோ ஏறியிருந்தால் அன்றே வரவேற்பு மேசையில் சொல்லித் திருத்துங்கள். இறங்கும் நாள் காலையில் அந்த வரிசை மிக நீளம்.